கிளாரினெட்டை விட்டு சாக்ஸபோனுக்கு: பழையது வாங்கலாமா?

கேள்வி: பி ஃபிளாட் கிளாரினெட் ஆறு வருடமாக வாசிக்கிறேன். எங்கள் சர்ச் பேண்டில் ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஆள் இல்லை, என்னை மாறச் சொல்கிறார்கள். பழைய யமஹா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதைவிடக் குறைந்த காசுக்கு, பெயர் தெரியாத கம்பெனியின் புதுசும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: யமஹாவையே பாருங்கள். பெயர் தெரியாத மலிவுப் புதுசுகளில் கீக்களின் உலோகம் பலவீனமாக இருக்கும். கொஞ்ச நாள் வாசித்தாலே வளைந்து, பேட் (துளையை மூடும் மெத்தை) சரியாக உட்காராது. நிமிர்த்தினால் மறுபடி வளையும். ரிப்பேர்காரர்களே கையில் வாங்கத் தயங்குவார்கள்.

பழையதில் லாக்கர் (மேல்பூச்சு) உரிந்திருந்தால் பேரம் பேசப் பயன்படும், அவ்வளவுதான். முதலில் நெக்கை, அதாவது மவுத்பீஸ் மாட்டும் வளைந்த மேல் குழாயை, பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வளைவின் அடிப்பக்கம் சுருங்கியோ, குழாய் முட்டை வடிவில் நசுங்கியோ இருந்தால், மவுத்பீஸ் மாட்டும்போது யாரோ அழுத்தி வளைத்திருக்கிறார்கள். சுருதி உதைக்கும், அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து காற்றுக் கசிவு. இருட்டறையில் நெக்கைக் கழற்றிவிட்டு, மெல்லிய எல்இடி சரத்தைக் குழாய்க்குள் இறக்குங்கள். ஒவ்வொரு கீயாக மெதுவாக மூட, பேட் விளிம்பில் வெளிச்சம் தெரிந்தால் கசிவு அங்கேதான். மெதுவாக என்பது முக்கியம். அழுத்தி மூடினால் எந்தப் பேடும் நல்ல பேடுதான்! பிறகு அடி பி ஃபிளாட்டைச் சன்னமாக ஊதுங்கள். குடகுடவென்று வந்தாலோ மேல் ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) தாவினாலோ மேலே எங்கோ ஒழுகுகிறது. ஜி ஷார்ப் பேட் எச்சில் பிசுக்கில் ஒட்டிக்கொள்வது சகஜம், பயப்பட வேண்டாம். மொத்தப் பேடும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் கூலியைக் கேட்டு விலையில் கழியுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒன்று. தாளில் 'சி' என்று இருப்பதை உங்கள் கிளாரினெட்டில் வாசித்தால் ஒலிப்பது ஆறரைக் கட்டை. அதே 'சி' ஆல்டோவில் இரண்டரைக் கட்டை. கீபோர்டு எஃப்-இல் வாசித்தால் கிளாரினெட்டுக்கு ஜி, ஆல்டோவுக்கு டி. கையிலிருக்கும் கிளாரினெட் நொட்டேஷன் தாள்கள் ஆல்டோவுக்கு ஆகாது. டெனார் சாக்ஸ் பி ஃபிளாட் என்பதால் அதே தாளைப் பெரும்பாலும் அப்படியே வாசிக்கலாம், ஒரு ஆக்டேவ் கீழே கேட்கும். ஆனால் கனமும் அதிகம், மூச்சும் அதிகம் கேட்கும். பேண்டுக்கு எது வேண்டும் என்று தீர்மானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரல் பழக்கம் சுலபம். கிளாரினெட்டில் இடது கை மூன்று விரலும் மூடி, ரெஜிஸ்டர் கீயும் (மேல் ஸ்வரங்களுக்குத் தாவும் கீ) அழுத்தினால் ஜி வருமே, அதே மூன்று விரல் சாக்ஸில் இரண்டு ஆக்டேவிலும் ஜி. சிரமம் உதட்டில்தான். கிளாரினெட் இறுக்கத்தோடு கடித்தால் சுருதி ஏறி, ஒலி மெலிந்துபோகும். மவுத்பீஸை மட்டும் தனியே ஊதி டியூனரில் பாருங்கள்: ஆல்டோவுக்கு 'ஏ' காட்ட வேண்டும். 'சி' காட்டினால் இன்னும் கிளாரினெட் உதடுதான்.

கேள்வி: கிளாரினெட்டில் 3ஆம் எண் ரீட் (மவுத்பீஸில் கட்டும் நாணல் பட்டை) பயன்படுத்துகிறேன். மிச்சமிருப்பவை ஆல்டோவுக்கு ஆகுமா?

பதில்: ஆகாது, ஆல்டோ ரீட் அகலம் கூடியது. புதிதாக 2 அல்லது 2½ வாங்குங்கள். விறைப்பு கூடிய 3-இல் தொடங்கினால் மறுபடி கடிக்கத்தான் தோன்றும். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் முழுப் பெட்டி வேண்டாம், இரண்டு மூன்று சில்லறையாக வாங்கி ஊதிப் பாருங்கள்.