எட்டும் எட்டும் பதினாறு ஆகாத கணக்கு

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஏ.எல். முடித்துவிட்டு வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கலியாணம், சடங்கு, தேர்த் திருவிழா எல்லாம் எடுக்கிறோம். ராத்திரியில் கேம் விளையாடுவேன். கத்தாரில் இருக்கும் அக்கா லெப்டொப் வாங்கக் காசு தருகிறேன் என்கிறார். கொழும்பில் ஒரு கடையில் 2015இல் வந்த பழைய கேமிங் லெப்டொப் ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு ஜிடிஎக்ஸ் 980எம் கிராபிக்ஸ் கார்ட்; மெமரி எட்டும் எட்டும் பதினாறு ஜிபி என்கிறார் கடைக்காரர். கொஞ்சம் கூட்டிப் போட்டால் புதிய ஆர்டிஎக்ஸ் 4050 வாங்கலாம். ஆனால் அதில் ஒரே கார்ட், ஆறு ஜிபிதான். இரண்டு கார்ட் என்றால் இரண்டு மடங்கு வேகம்தானே? இன்னொரு குழப்பம்: கூட்டாளியின் புது லெப்டொப்பிலும் டாஸ்க் மனேஜரில் இரண்டு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) காட்டுகிறது. அதுவும் டபுள் கார்ட்தானா?"

தம்பி, புதியதை வாங்குங்கள். அக்கா வெயிலில் உழைத்து அனுப்பும் காசை அந்தப் பழைய இரட்டைக் கார்டில் போடவேண்டாம். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியில்தான் சங்கதி இருக்கிறது. "இரண்டு கார்ட்" என்ற ஒரே பேச்சுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒன்று தவிர்க்கவேண்டியது. மற்றது உங்களுக்குக் கட்டாயம் வேண்டியது.

முதலில் தவிர்க்கவேண்டியது. ஒரே மாதிரியான இரண்டு பெரிய கார்ட்களை ஒரு கேமுக்காகச் சேர்த்து ஓட்டும் முறைக்கு என்விடியா எஸ்எல்ஐ என்று பெயர் வைத்து 2004இல் கொண்டுவந்தது. அடுத்த வருடம் ஏடிஐ நிறுவனம் குரொஸ்ஃபயர் என்று தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. மேசைக் கணினியில் தொடங்கியது பிறகு லெப்டொப்புக்குள்ளும் புகுந்தது. இதன் உச்சம் ஏசர் பிரிடேட்டர் 21எக்ஸ். 2017இல் வந்தது, இரண்டு ஜிடிஎக்ஸ் 1080, 21 அங்குல வளைந்த திரை, எடை எட்டுக் கிலோவுக்கு மேல், 330 வொட் அடப்டர் ஒன்றல்ல இரண்டு. லெப்டொப் என்றுதான் பெயர். மடியில் வைத்தால் எழும்ப முடியாது.

இரண்டு கார்ட்கள் வேலையைப் பெரும்பாலும் இப்படித்தான் பிரித்துக்கொண்டன: முதல் ஃபிரேமை (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்களில் ஒன்றை) ஒரு கார்ட் வரையும், இரண்டாவதை மற்றது, மூன்றாவதைத் திரும்ப முதல் கார்ட். காகிதத்தில் பார்த்தால் இரண்டு மடங்கு. திரையில் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம ஊர் பஸ்ஸே போதும். ஹட்டன் பக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் யாருக்கும் குறையில்லை. ஆனால் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு இரண்டிரண்டாக வந்தால்? கணக்கு அதே ஆறுதான். மழையில் நிற்பவருக்குக் காத்திருப்பு இருபது நிமிடம். இரட்டைக் கார்டிலும் இதுதான் வருத்தம். மூலையில் விநாடிக்கு 60 ஃபிரேம் என்று எண் காட்டும். அவை இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வருவதால் கண்ணுக்கு 30 மாதிரி விக்கும். இதற்கு மைக்ரோ ஸ்டட்டர் என்று பெயர்.

அதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். முறையையே சாய்த்தது இன்னொன்று. இன்றைய கேம்கள் ஒரு ஃபிரேமை வரைய அதற்கு முந்திய ஃபிரேமைப் பார்க்கின்றன. விளிம்புகளை மழமழப்பாக்குவதும், சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாகக் காட்டுவதும் பழைய ஃபிரேமை வைத்துத்தான். அந்தப் பழைய ஃபிரேம் மற்றக் கார்டில் இருந்தால் அங்கிருந்து வரும்வரை இந்தக் கார்ட் கை கட்டி நிற்கவேண்டும். அப்புறம் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக ஒரு எஸ்எல்ஐ புரொஃபைல், அதாவது வேலையை எப்படிப் பிரிப்பது என்ற குறிப்பு, எழுதி என்விடியா கொடுத்துவந்தது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் 2021 ஜனவரி 1க்குப் பின் புதிய புரொஃபைல் சேர்ப்பதில்லை என்று நிறுத்திவிட்டது. ஆகவே இப்போது வரும் கேமை அந்தப் பழைய லெப்டொப்பில் போட்டால் ஒரு கார்ட் ஓடும், மற்றது கரண்ட் குடித்துக்கொண்டு சும்மா இருக்கும். நீங்கள் ஒப்பிடவேண்டியது இரண்டு 980எம்முக்கும் ஒரு 4050க்கும் இடையில் அல்ல. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில். அதில் போட்டியே இல்லை.

பதினாறு ஜிபி? கேமில் அது எட்டுதான். இரண்டு கார்டும் ஒரே காட்சியை வரைவதால் ஒரே பொருளை இரண்டு கார்டின் மெமரியிலும் பிரதி எடுத்து வைத்திருக்கும். வேலைக்கு வந்தவர்களின் பெயரைப் பதியும் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தை இரண்டு பிரதி எழுதி வைத்தால் மலைக்குப் போகும் ஆள் இரட்டிப்பாகிவிடுமா? கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருப்பார்கள்.

வயசும் ஒரு விஷயம். 980எம் கார்ட் 2014இல் வந்த மேக்ஸ்வெல் தலைமுறை. அதற்குக் கேம்களுக்கான புதிய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான், அதுவும் 2028 அக்டோபர் வரை. அதே 2025 அக்டோபரில்தான் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. அந்தக் காலத்து இன்டெல் புரொசசர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லாததால் 'டூம்: த டார்க் ஏஜஸ்' போன்ற கேம்கள் தொடங்கவே தொடங்காது.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு இரட்டைக் கார்ட் மெஷினைத் திறந்தேன். விளையாடும்போது திரை உறைகிறது என்று கொண்டுவந்தார்கள். அடித்தட்டைக் கழற்றினதும் விறகுப் புகை வாசம். ஃபேனுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவில் மண்ணிறத்தில், எண்ணெய்ப் பசையோடு, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம். ஊசியால் கிளப்பினால் முழுசாக உரிந்து வந்தது. குசினிக்கு அடுத்த அறையில் வைத்து விளையாடியிருக்கிறார்கள். சூட்டைக் கடத்தும் பேட் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. துப்புரவாக்கிப் போட்டும் ஒரு கார்ட் 70 பாகையில் இருக்க மற்றது 90ஐத் தாண்டியது. மாற்றுக் கார்ட் தேடி அலுத்துப்போய், கெட்டதை நிறுத்திவிட்டு ஒன்றில் ஓடவிட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் போன் எடுத்தான். நான் திட்டு விழும் என்று நினைத்தேன். "அண்ணே, இப்பதான் நல்லா ஓடுது" என்றான்.

நியாயத்துக்காக ஒன்று சொல்லவேண்டும். பிளெண்டர் மாதிரி 3டி வேலையில் ரெண்டர் பண்ணும்போது இரண்டு கார்டும் உண்மையாகவே வேலையைப் பங்குபோடும். அங்கே எஸ்எல்ஐயே தேவையில்லை. அதற்காக இந்த மெஷினை வாங்கலாமா என்றால், மேலே சொன்ன காரணங்களால் அப்போதும் வேண்டாம்.

இனி உங்கள் கூட்டாளியின் லெப்டொப். டாஸ்க் மனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு தெரிவது வேறு சங்கதி. ஒன்று புரொசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டியின் சிறிய கிராபிக்ஸ். மற்றது தனியான என்விடியா கார்ட். கேமை இரண்டும் சேர்ந்து இழுப்பதில்லை, முறை மாறுகின்றன. பிரவுசர், வேர்ட், சூம் வகுப்பு எல்லாம் சின்னதில். கேம் திறந்தால் பெரியது எழும்பும். என்விடியா 2010இல் ஒப்டிமஸ் என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. நீங்கள் பார்க்கும் 4050 லெப்டொப்பிலும் இதே ஜோடி இருக்கும். கடைக்காரர் சின்னதைக் கணக்கில் சேர்க்காமல் "ஒரே கார்ட்" என்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் வேலைக்கு இந்தச் சின்னக் கார்ட் சும்மா துணைக்கு வந்தது என்று நினைக்கவேண்டாம். புதிய கெமராக்கள் 10 பிட் 4:2:2 என்ற, நிற விவரம் கூடுதலாக உள்ள வகை எச்.265 வீடியோவைச் சுருக்கி எடுக்கின்றன. அதை விரித்துக் காட்டும் வன்பொருள் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் கிடையாது, 50 வரிசையில்தான் என்விடியா சேர்த்தது. ஆனால் இன்டெல்லின் 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய புரொசசர்களின் உள் கிராபிக்ஸில் அது இருக்கிறது. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் தேர் வீடியோவைப் போட்டு முன்னும் பின்னும் இழுக்கும்போது இன்டெல் பக்கம் விரித்துக் கொடுக்கும், நிறத் திருத்தத்தையும் எஃபெக்டையும் என்விடியா செய்யும். இந்தச் சின்னது-பெரியது ஜோடி உங்களுக்கு நிஜமாகவே பலன் தரும் இடம் இதுதான். ஆகவே எடிட்டிங்தான் சோறு போடுகிறது என்றால் இன்டெல் புரொசசரோடு வரும் 4050 எதுவென்று கேளுங்கள்.

ஒரு குறை உண்டு. பெரிய கார்ட் வரைந்த ஃபிரேமைச் சின்னது வாங்கித்தான் திரைக்குக் கொடுக்கும். இந்தக் கைமாற்றலில் கொஞ்சம் வேகம் போகும். மக்ஸ் சுவிட்ச் உள்ள லெப்டொப்பில் சின்னதை விலக்கிவிட்டுப் பெரியதையே நேராகத் திரையோடு இணைக்கலாம். விளையாடி முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டரி கரைந்துவிடும். சாதாரண வேலையில் சின்னக் கார்டோடு லெப்டொப் பத்து வொட்டில் ஓடினால் 60 வொட்-மணி பெட்டரி ஆறு மணித்தியாலம் தாங்கும். பெரியது விழித்து 60 வொட் இழுத்தால் ஒரு மணித்தியாலம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு தாவியதில் நாடே இருண்டது. எடிட் பண்ணிய வீடியோவை நாளைக்குக் கொடுக்கவேண்டும் என்ற நிலையில் அந்த ஐந்து மணித்தியால வித்தியாசம் பெரியது.

4050 என்ற பெயரை மட்டும் பார்த்தும் ஏமாறவேண்டாம். அதே கார்டை லெப்டொப் செய்கிறவர்கள் 35 வொட்டிலிருந்து 115 வொட் வரை எதிலும் ஓட்டலாம் என்று என்விடியா விட்டிருக்கிறது. மெல்லிய லெப்டொப்பில் அடக்கி வைத்த 4050க்கும், தடித்த கேமிங் லெப்டொப்பில் முழுக் கரண்டோடு ஓடும் 4050க்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. கடையில் என்விடியா கன்ட்ரோல் பெனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் மெக்சிமம் கிராபிக்ஸ் பவர் எத்தனை வொட் என்று பாருங்கள். ரெம்மும் ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டு குச்சியாக 16 ஜிபி இருக்கட்டும். உள் கிராபிக்ஸ் அந்த ரெம்மைத்தான் கடன் வாங்குகிறது.

"நம்ம ஊர் குளிருக்கு எந்த லெப்டொப்பும் சூடாகாதே" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். காற்று ஐதாக இருப்பதால் அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கடத்தும் சூடு குறையும். ஆனால் கொழும்பில் 30 பாகைக் காற்றை உறிஞ்சும் ஃபேன் இங்கே 16 பாகைக் காற்றை உறிஞ்சுகிறது. கூட்டிக் கழித்தால் குளிருக்குத்தான் வெற்றி, தலவாக்கலையிலும் அப்படியே. அந்த ஆதாயத்தை அடுப்புப் புகையும், லெப்டொப்பைக் கம்பளிமேல் வைத்து விளையாடும் பழக்கமும் விழுங்கிவிடும். ஒரு பலகைத் துண்டு போதும். பனியில் பஸ்ஸில் வந்த லெப்டொப்பை ஆவி பறக்கும் குசினிக்குள் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். பையோடு ஒரு மணித்தியாலம் கிடக்கட்டும்.

கரண்ட் விஷயம் வேறு. ஊர் வாசலிலேயே மேல் கொத்மலை அணை, 150 மெகாவொட் திட்டம். இருந்தும் சாயங்காலம் எல்லா லயத்திலும் ஹீட்டர் போட்டால் நம்ம பல்பு மங்குகிறது. அந்த வோல்ட் இறக்கத்துக்கு நீங்கள் பயப்படவேண்டாம், லெப்டொப் அடப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும். இடிதான் எதிரி. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பின் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. ரவுட்டரிலிருந்து கேபிள் வருகிறது என்றால் அதையும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் புதிய லெப்டொப்பின் அடப்டர் குப்புறக் கிடக்கிறது, லேபல் தெரியவில்லை. காசு கட்டுவதற்கு முன் அதைத் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வொட் என்று இருந்தால் அந்த 4050ஐ அடக்கித்தான் வைத்திருப்பார்கள். 180க்கு மேல் இருந்தால் கன்ட்ரோல் பெனலைத் திறந்து பார்க்க ஒருவரைக் கடைக்கு அனுப்பலாம்.