புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், அலுவலக மின்னஞ்சலைப் பணிவாக எழுதுவது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து நாள்தோறும் தம்புச் செட்டித் தெருவுக்குச் சென்று, துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன்.

பணிவு என்றதும் ‘மதிப்பிற்குரிய ஐயா’, ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ போன்ற தொடர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை வேறென்ன செய்யும்? நானும் சேர்ந்த புதிதில், கப்பல் நிறுவனம் ஒன்றிடம் டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுத்துச் செல்ல அனுமதிக்கும் ஆவணம்) கேட்டு, இத்தகைய தொடர்களால் நிரம்பிய மின்னஞ்சல் ஒன்றை அனுப்பினேன். பொருள் வரியில் ‘அவசரம்’ என்று மட்டும் இருந்தது. கன்டெய்னர் எண் எங்குமே இல்லை. அன்று அவர்களுக்கு வந்த அவசரங்களுக்கிடையே என்னுடையது புதைந்துபோக, கட்டணமில்லா நாட்கள் கடந்து, கன்டெய்னரைக் கூடுதலாக வைத்திருந்ததற்கென இறக்குமதியாளர் இரண்டு நாள் டிடென்ஷன் கட்டணம் கட்ட நேர்ந்தது. “வணக்கம்லாம் நல்லாத்தான் போட்டிருக்க. எந்தக் கன்டெய்னர்னு அவங்க ஜோசியம் பார்த்தா தெரிஞ்சுக்குவாங்க?” என்றார் எங்கள் மேலாளர்.

படிப்பவரைத் தேட வைக்காமல் எழுதுவதே பணிவு என்று அன்றுமுதல் கருதுகிறேன். நம் அலுவல் கடிதங்களில் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை (முந்தைய கடிதத்தைச் சுட்டும் குறிப்பு) என்று வரும் நான்கு தலைப்புகளில் முதல் இரண்டை மின்னஞ்சலில் முகவரிகளே சொல்லிவிடுகின்றன; மற்ற இரண்டும் நம் பொறுப்பு. ஆகவே பொருள் வரியில் வேண்டுவது இன்னதென்பதையும், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமுமான கன்டெய்னர் எண்ணையும் எழுதுகிறேன். முந்தைய மின்னஞ்சலுக்கே மறுமொழியாக நினைவூட்டலை அனுப்பினால், பார்வை தானாகவே உடன் வந்துவிடும். ஒரு வணக்கம் போதும்; அடுத்த வரியிலேயே கோரிக்கை வந்துவிட வேண்டும், பின்னணி அதற்குப் பிறகு.

ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதுவது கத்துவதுபோல் தோன்றும் என்று, 1995இல் வெளியான ‘ஆர்எஃப்சி 1855’ என்னும் இணைய நடத்தை வழிகாட்டியே குறிப்பிடுகிறது. (சரக்கு ஆவணங்களைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து பழகிய எங்கள் தொழிலில் இந்த நோய் சற்று அதிகம்.) சினத்தோடு எழுதிய மறுமொழியை ஓர் இரவு கழித்து அனுப்பவும் அது அறிவுறுத்துகிறது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறக் கிடைக்கும் அதிகபட்ச அவகாசம் 30 விநாடிகள். என் கோபம் அதற்குள் தணிந்ததில்லை.

முதல் கடிதத்திலேயே ஒருவருடைய மேலதிகாரிக்கும் நகல் அனுப்புவது, பேசிப் பார்க்கும் முன்பே பஞ்சாயத்தைக் கூட்டுவதற்குச் சமம். வாடிக்கையாளர் பலருக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது முகவரிகளை மறைநகல் (பிசிசி) கட்டத்தில் இட வேண்டும்; ஒருவருடைய முகவரியை மற்றவருக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. பெறுநர் கட்டத்தை, இணைப்புகளையும் சேர்த்துச் சரிபார்த்த பின், கடைசியாகத்தான் நிரப்புகிறேன். அதுவரை கை தவறி அழுத்தினாலும் கடிதம் எங்கும் போகாது.