கூலிக் கணக்கும் கதைதான்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். அம்மா தறி நெய்தவர். ஞாயிறுதோறும் முன்பின் தெரியாதவர்களிடம் பேசி, அவர்களின் வாழ்க்கைக் கதைகளைச் சேகரிக்கிறேன். ஏற்காடு சாலையில், பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவுக்கு அருகே, அந்த ஸ்டுடியோவில் தச்சராக இருந்த பெரியவரைச் சந்தித்தேன். நடிகர்களைப் பற்றிக் கேட்டால் பலகை, ஆணி, கூலி என்றே பேசினார். அவருக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்தும் பயனில்லை. மனம் திறக்க வைக்க என்ன கேட்க வேண்டும்? 30 கேள்விகள் தயாரித்து இணைத்திருக்கிறேன். சாதாரண மக்களின் பேச்சைப் பதிவு செய்து சேகரிக்கும் அமெரிக்காவின் ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பைப் போலப் புதிய பேருந்து நிலையத்தில் ஓர் ஒலிப்பதிவு அறை வைக்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

தெரியாமல் பதிவு செய்வது திருட்டு. அழித்துவிடுங்கள். கேள்விப் பட்டியலைப் படித்தேன். ‘வாழ்வில் மறக்க முடியாத துயரம் எது?’ என்று டீக்கடையில் ஒருவர் என்னிடம் கேட்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஆனால் அந்தப் பெரியவர் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமும் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் அங்கிருந்து வந்தவை. நடிகர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சாய்ந்து நின்ற தூணை இழைத்தவர் கையில் டீயோடு உங்கள் எதிரில் உட்கார்ந்து, தானாகவே பலகையைப் பற்றிப் பேசுகிறார். நீங்கள் கொட்டாவி விட்டிருக்கிறீர்கள்! படப்பிடிப்பு முடிந்ததும் பிரிக்கப் போகிற அரண்மனைக்கு எத்தனை ஆணி அடிப்பது என்று தெரிந்தவர் அவர். அதைக் கேட்கத் தோன்றவில்லையா?

செவ்வாய்ப்பேட்டையில் என் சித்தப்பா கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தார். கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோர்ப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். இணைப்பில் பொடி வைத்து ஊதுகுழலால் தீயைச் செலுத்துவது சித்தப்பா. சித்திரை வெயிலிலும் மின்விசிறி போடமாட்டார், தீ அலையும். தரையைக் கூட்டிய குப்பையைக் கொட்டமாட்டார்கள், அதில் வெள்ளித்தூள் இருக்கும். கை கழுவிய தண்ணீரைக்கூட வாளியில் தெளியவைத்துத்தான் ஊற்றுவார்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்க்கும்போது இவர் குனிந்து கால் கொலுசின் பற்றைப் பார்ப்பார். சித்தி தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் பேசாத மனிதர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஒருநாள், தீ கூடிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். வளையம் உருகி ஒட்டிக்கொள்ளும் என்று தொடங்கியவர், தன் வாழ்நாளில் அப்படி ஒரு ஜோடி வீணானது அவருடைய அம்மா, அதாவது என் பாட்டி, இறந்த செய்தி வந்த அன்று என்றார். செய்தி சொல்ல வந்தவரை வாசலில் நிற்கவைத்துவிட்டு அந்த ஜோடியை முடிக்கப் பார்த்திருக்கிறார். சேதாரத்தைக் கூலியில் பிடித்துக்கொண்டார்களாம். அந்தத் தொகையைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது. ‘அம்மா இறந்தபோது எப்படி உணர்ந்தீர்கள்?’ என்று கேட்டிருந்தால் ‘என்னத்தைச் சொல்வது’ என்று குழலை எடுத்திருப்பார். கூலியைக் கேளுங்கள் ஐயா! கருவியைக் கேளுங்கள், யாரிடம் தொழில் கற்றார் என்று கேளுங்கள். கூலிக் கணக்கைக் கழித்துவிட்டுக் கண்ணீரை மட்டும் எடுத்துவர நினைப்பவருக்கு இரண்டும் கிடைக்காது.

ஸ்டோரிகார்ப்ஸை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அவர்கள் வைத்த அறையில் அந்நியரைப் பிடித்து உட்காரவைக்கவில்லை. பெரும்பாலும் ஏற்கெனவே பழகிய இருவர் சுமார் நாற்பது நிமிடம் பேசிக்கொள்கிறார்கள். மகள் தாயிடம் கேட்கிறாள். சம்மதித்தால்தான் அந்தப் பேச்சு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது. பஸ் நிலைய இரைச்சலில் அறை எல்லாம் வேண்டாம். அம்மா தறி நெய்தவர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். பாவு பிணைக்க யாரிடம் கற்றார், முதல் சேலைக்கு என்ன கூலி வாங்கினார் என்று கேட்டு எழுதுங்கள். கூலியை விட்டுவிட்டு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.