எந்த ஊசி நல்ல ஊசி?

கோவிட் தடுப்பூசியில் எதைத் தேர்ந்தோம், ஏன் தேர்ந்தோம் என்று வந்த கடிதங்களில், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். மருத்துவ ரிப்போர்ட்டை இணைத்து அனுப்பியவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

2021இல் எங்கள் தெருவில் 'கோவிஷீல்டு இருக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்பார்கள். கோவாக்சின் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஏன் இந்தப் பாகுபாடு, டாக்டர்?
*– வாசகர், திண்டுக்கல்*

உங்கள் தெருவைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தயக்கம் டெல்லியில் பிறந்தது. 2021 ஜனவரி 3 அன்று இரண்டு ஊசிக்கும் ஒன்றாகவே அவசர அனுமதி தந்தார்கள். ஆனால் கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு அப்போது வரவில்லை. அதனால் 'பரிசோதனை முறையில்' என்று ஒரு நிபந்தனை. போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட வேண்டும். கோவிஷீல்டுக்கு அந்தக் கையெழுத்து கிடையாது. டெல்லியில் ஒரு பெரிய மருத்துவமனையின் இளம் மருத்துவர்களே 'எங்களுக்குக் கோவிஷீல்டு கொடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டரே யோசிக்கும்போது மளிகைக்கடைக்காரர் யோசிக்கக் கூடாதா?

மார்ச் 1 அன்று பிரதமர் கோவாக்சின் போட்டுக்கொண்டார். இரண்டு நாளில் 81 சதவீதம் என்ற இடைக்கால முடிவு வந்தது. அந்த மாதமே நிபந்தனையும் போனது. மக்கள் மனம் கொஞ்சம் இளகிய நேரத்தில், ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய், எல்லோரும் பார்க்கக் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான ஆய்வு சொன்னது அக்டோபரில்தான். ஏப்ரலில் பரவிய பயத்துக்கு அக்டோபரில் வந்த அறிக்கை என்ன செய்யும்? இப்படிப்பட்ட விசாரணையின் முதல் தகவலாவது பத்து நாளில் வெளியாக வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மே 13 அன்று கோவிஷீல்டின் இரண்டு டோஸ்களுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் என்று இடைவெளியை நீட்டினார்கள். கோவாக்சினுக்கு அதே 28 நாள்தான். உடனே, சீக்கிரம் முடித்துக்கொள்ள நினைத்த இளைஞர்கள் பலர் கோவாக்சினைத் தேட ஆரம்பித்தார்கள். 'கோவிஷீல்டு போட்டால் காய்ச்சல் அடித்துப் போடுகிறதாம்' என்ற பேச்சும் அவர்களைத் தள்ளியது. ஊசி எதுவும் மாறவில்லை. இடைவெளி, காய்ச்சல், விலை, பக்கத்து வீட்டுக்காரர் எதைப் போட்டார் என்பவைதான் தேர்வை முடிவு செய்தன. தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய் என்று ஜூனில் உச்சவரம்பு வைத்தபோது, 'விலை கூடினது நல்லதாத்தான் இருக்கும்' என்று சொன்னவர்களும் உண்டு.

ஃபைசர் 95, கோவாக்சின் 78, கோவிஷீல்டு 70. அப்படியானால் நமக்குக் கிடைத்தது மூன்றாம் தர ஊசிதானே?
*– கல்லூரி மாணவி, கோவை*

வேறு வேறு வினாத்தாள் எழுதியவர்களின் மார்க்கை ஒன்றாக வைத்து ரேங்க் போடுகிறீர்கள். ஃபைசரின் 95 என்பது 2020 நவம்பரில், டெல்டா என்ற உருமாறிய வைரஸ் எங்கும் பரவுவதற்கு முன் வந்த எண். கோவாக்சினின் 77.8 என்பது டெல்டாவும் கலந்திருந்த மாதங்களில் வந்தது. டெல்டாவுக்கு மட்டும் பார்த்தால் 65.2. இந்த எண்கள் எல்லாம் அறிகுறியோடு நோய் வருவதைக் கணக்கிடுபவை. ஐசியூ வாசலில் நிற்பவருக்கு வேண்டிய கணக்கு வேறு.

அந்தக் கணக்கு நம் ஊரிலேயே இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் இரண்டாம் அலையின்போது சொந்த ஊழியர்களையே ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டு. இரண்டு டோஸும் போட்டவர்களில், ஊசி போடாதவர்களோடு ஒப்பிட, மருத்துவமனையில் சேரும் நிலை 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவை 92 சதவீதமும், ஐசியூ தேவை 94 சதவீதமும் குறைந்திருந்தன. உங்கள் மூன்றாம் தர ஊசி செய்த வேலை அது.

படித்த பெரிய மனிதர்களும் இந்த மார்க் பட்டியலில் விழுந்தார்கள். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மேயர், ஃபைசரும் மாடர்னாவும்தான் சிறந்தவை என்று சொல்லி, வந்த 6,200 ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசி டோஸ்களை வேண்டாமென்றார். எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த முறை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

ரத்தம் உறையும் என்று 2024இல் கம்பெனியே ஒப்புக்கொண்டதே. கோவிஷீல்டைத் தேர்ந்தது தப்பாகிவிட்டதா? டி-டைமர் டெஸ்ட் எடுக்கலாமா?
*– வாசகர், அம்பத்தூர். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து.*

ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் அந்த டெஸ்ட் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் அந்த அபூர்வப் பாதிப்பு, ஊசி போட்ட சில வாரங்களுக்குள், அதுவும் பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு வருவது. வருடக்கணக்கில் உடம்பில் ஒளிந்திருந்து வராது.

கோவிஷீல்டை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா கம்பெனி இதைப் பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதுதான் 2024 செய்தி. அதில் புதிதாக இருந்தது நீதிமன்றம் மட்டும்தான். இந்தப் பாதிப்பு 2021 ஏப்ரலிலேயே உலகம் முழுக்கத் தெரியும். அப்போது பிரிட்டன் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. மே மாதம் அதை 40 ஆக்கியது. அது நியாயமான தேர்வு. அங்கே வேறு ஊசி கையிருப்பில் இருந்தது, தொற்று தணிந்திருந்தது, இளவயதினருக்குக் கோவிட் ஆபத்தும் குறைவு. அதே மே மாதம் நம் ஊரில் ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசை கட்டி நின்றன. அப்போது ஊசியின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் இந்தியக் குழு சொன்ன கணக்கு, பத்து லட்சம் டோஸுக்கு 0.61 பேர். நம் கண்காணிப்பு பிரிட்டன் அளவுக்கு நுணுக்கமானதல்ல, உண்மை எண் கூடுதலாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். அதைப் பல மடங்காக்கினாலும் அந்த மே மாதத்தின் கோவிட்டுக்குப் பக்கத்தில் வராது.

இளைஞர்களின் திடீர் மரணத்தையும் இதோடு முடிச்சுப் போட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். 18 முதல் 45 வயதுவரை அப்படி இறந்தவர்களை வைத்து ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) செய்த ஆய்வு 2023இல் வெளியானது. ஊசியால் அந்த ஆபத்து கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களிடம் குறைந்தே இருந்தது.

கோவாக்சினில் கன்றுக்குட்டி ரத்தம் கலந்திருக்கிறது என்று என் மாமியார் கடைசிவரை போடவில்லை. உண்மையா?
*– வாசகி, கும்பகோணம்*

வைரஸை வளர்க்கும் செல்களுக்குத் தீனியாகக் கன்றின் சீரம் தருவார்கள்; போலியோ போன்ற பல ஊசிகளிலும் நெடுங்காலமாக நடப்பதுதான். பிறகு கழுவிச் சுத்திகரித்துவிடுவார்கள், ஊசி மருந்தில் அது இருக்காது. மாமியாரிடம் வாதம் வேண்டாம்.

தம்பி கோவாக்சின் போட்டுவிட்டு, சவுதி போக முடியாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். மட்டமான ஊசியைப் போட்டுவிட்டார்களா?
*– வாசகர், ராமநாதபுரம்*

ஊசி மட்டமில்லை, பட்டியலில் பெயர் இல்லை. கோவிஷீல்டுக்கு உலக சுகாதார அமைப்பின் ஒப்புதல் 2021 பிப்ரவரியிலேயே கிடைத்தது. கோவாக்சினுக்கு நவம்பர் 3 வரை கிடைக்கவில்லை. வளைகுடா வேலைக்காரர்களுக்கு அந்த எட்டு மாத இடைவெளி சம்பளம் போனதாக முடிந்தது. கேரளத்தில் இதே நிலையில் ஒருவர், மூன்றாவதாகக் கோவிஷீல்டு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை போனார். ஊசி போடும்போதே 'வெளிநாடு போவீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆரம்பத்தில் கேட்கவில்லை, அது நிர்வாகத்தின் குறை. உங்கள் தம்பியைப் போன்றவர்கள் பிராண்டு பார்த்ததை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது.

எங்களுக்குச் சினோபார்ம்தான் தந்தவை. கண்டியில இருக்கிற மச்சாள் மாடர்னா போட்டவ. நாங்கள் குறைஞ்ச ஊசி போட்டமோ?
*– வாசகி, யாழ்ப்பாணம்*

இளவயதில் கவலைப்பட ஒன்றுமில்லை. வயதானவர்களுக்கு வித்தியாசம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சீனாவின் சினோபார்ம் போல, செயலிழக்கச் செய்த வைரஸை வைத்துத் தயாரிக்கும் ஊசிகளின் பாதுகாப்பு முதியவர்களிடம் குறைவு. அதனால்தான் 2021 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு மூன்றாவது டோஸும் வேண்டும் என்றது. உங்கள் அம்மா, அப்பா மூன்றாவதாக ஃபைசர் போட்டிருந்தால் அந்தக் குறை பெரும்பாலும் நிரம்பிவிட்டது.

எனக்கு வருத்தம் வேறு. 2021 ஆகஸ்ட், செப்டம்பரில் இலங்கை இளைஞர்கள் பலர், வெளிநாட்டில் செல்லாது என்று சினோபார்மைத் தவிர்த்துவிட்டு ஃபைசருக்குக் காத்திருந்தார்கள். நாட்டில் மரணம் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. வீட்டில் இருந்த அம்மம்மாவை நினைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் இரண்டும் கோவிஷீல்டு, மூன்றாவது கோர்பிவாக்ஸ். மாற்றிப் போட்டால் மோதாதா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை*

மோதாது, ஐயா. ஜெர்மனியில் அப்போது ஆட்சித் தலைவராக இருந்த மெர்கல் முதலில் அஸ்ட்ராஜெனகா, அடுத்தது மாடர்னா போட்டுக்கொண்டார். உத்தரப் பிரதேசத்தின் சித்தார்த்நகரில், கோவிஷீல்டு போட்ட கிராமத்தினர் சிலருக்கு இரண்டாவதாகத் தவறிக் கோவாக்சினைப் போட்டுவிட்டார்கள். பெரிய ரகளை. ஐசிஎம்ஆர் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தால், எதிர்ப்பாற்றல் நன்றாகவே இருந்தது. உங்கள் கோர்பிவாக்ஸ் கலப்புக்கு 2022 ஆகஸ்டில் முறையாகவே அனுமதி உண்டு.

இன்னொரு டோஸ் போடலாம் என்றிருக்கிறேன். பழகிய ஊசி என்பதால் கோவிஷீல்டே வேண்டும். எங்கே கிடைக்கும்?
*– வாசகர், சேலம்*

கிடைக்காது. 2021 டிசம்பரிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டதாக, இங்கே அதைத் தயாரித்த சீரம் நிறுவனம் சொல்லிவிட்டது. உங்களுக்கு வயது 68, சர்க்கரையும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு கோவிட் டோஸ் தேவையா என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதே பேச்சில் ஃப்ளூ ஊசியையும், நிமோனியா ஊசியையும் பற்றிக் கேட்டு வாருங்கள்.