மவுண்ட் ஹெர்சலுக்குப் பூ கொண்டுபோகலாமா?

போரில் இறந்த தன் அண்ணனின் கல்லறை இருக்கும் மவுண்ட் ஹெர்சல் ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு, போரில் இறந்தவர்களுக்கான இஸ்ரேலின் நினைவு நாளான யோம் ஹாஸிக்காரோன் அன்று ஜெருசலேம் நண்பர் அழைத்திருக்கிறார், என்ன கொண்டுபோவது என்று கேட்டிருந்தீர்கள். பூவே கொண்டுபோங்கள். யூதக் கல்லறைகளில் சிறு கல் வைப்பதுதான் பழைய வழக்கம். ஆனால் ராணுவக் கல்லறைகளில் அன்று பூக்கள் நிறைந்திருக்கும். இரண்டையும் வைத்தாலும் சரி.

காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் சைரன் ஒலிக்கும். நெடுஞ்சாலையில்கூட காரை நிறுத்தி இறங்கி நிற்பார்கள். நீங்களும் அசையாமல் நில்லுங்கள், மொபைல் பைக்குள்ளேயே இருக்கட்டும். இறந்தவர்களுக்கான யூதப் பிரார்த்தனையான கடீஷ் சொல்லும்போது மற்றவர்களோடு 'ஆமேன்' சொன்னால் போதும்.

நண்பரிடம் 'ஸிக்ரோனோ லிவ்ராகா' எனலாம். அவர் நினைவு ஆசியாகட்டும் என்று பொருள். என்னைக் கேட்டால், அண்ணன் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது அதைவிட நல்லது. அப்புறம், அன்று இருட்டியதும் சுதந்திர தினக் கொண்டாட்டம் தொடங்கிவிடும், திகைத்துவிடாதீர்கள்.