ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் அணி மாறி அணி மாறி ஆடும் வீரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது?

ஒருபோதும் நட்சத்திரமாக வாய்ப்பில்லாத இவ்வீரர்கள் எதை நம்பி ஆண்டுதோறும் ஆடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2012 ஜனவரியில் ஸ்பெயினின் தேசியக் கோப்பையான கோபா டெல் ரேயின் ஆட்டங்களை இரவு விழித்துப் பின்தொடர்ந்த நாள் முதல் அவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

அப்போது செகுந்தா பே எனப்பட்ட மூன்றாம் நிலையில் ஆடிய மிராந்தேஸ் அணி, முதல்நிலை அணிகளான வில்லாரியலையும் ராசிங் சாந்தாந்தேரையும் வெளியேற்றிவிட்டுக் காலிறுதியில் எஸ்பான்யோலைச் சந்தித்தது. எஸ்பான்யோலின் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் 3-2 என்று தோற்றிருந்த நிலையில், தன் சொந்த அந்துவா மைதானத்தில் நடந்த இரண்டாம் ஆட்டம் 1-1 என்று முடியவிருந்தது. 90 நிமிடங்களுக்குப் பின் ஈடுசெய்து தரப்படும் சில நிமிடங்களில் 33 வயதுத் தற்காப்பு வீரர் சேசார் கனேதா தலையால் முட்டிய பந்து கோலுக்குள் சென்றது; இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணி வெல்லும் என்ற வெளிமைதானக் கோல் விதிப்படி மிராந்தேஸ் அரையிறுதிக்குள் நுழைந்தது. கனேதா பில்பாவோவின் அத்லெட்டிக் அணியில் வளர்ந்து, பிறகு ஊர் ஊராக அணி மாறியவர். அரையிறுதியில் அவர் எதிர்கொண்டதும் அதே அத்லெட்டிக்கைத்தான், மிராந்தேஸ் தோற்றது. அத்தொடரில் 7 கோல்கள் அடித்த பாப்லோ இன்ஃபான்தேயோ, வங்கிக் கிளை ஒன்றை நிர்வகித்துக்கொண்டே பயிற்சிக்கு வந்தவர். மிராந்தேஸ் அவ்வாண்டே இரண்டாம் நிலைக்கு உயர்ந்ததால், 32 வயதில்தான் அவர் அந்நிலையில் முதன்முறையாக ஆடினார்.

இன்ஃபான்தே வங்கி வேலையை விடாததற்கான காரணம் அந்த மூன்றாம் நிலை லீக்கின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. 1977இல் தொடங்கிய செகுந்தா பேயில் பெரும்பாலான ஆண்டுகளில் நான்கு பிரிவுகளாக 80 அணிகள் ஆடின. மேலே செல்லும் இடங்களோ நான்கு மட்டுமே. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கானவை என்பதால், ஜூன் முடிந்ததும் வீடு, பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை எல்லாமே மீண்டும் கேள்விக்குறியாகிவிடும். இதைவிட அதிகம் பேசப்பட வேண்டியது வயது விதி. ஓர் அணியின் 22 பேரில் 23 வயதைக் கடந்தவர்கள் 16 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற அவ்விதி இளைஞர்களுக்கு நல்வாய்ப்புதான் என்றாலும், திறமை குறையாத 29 வயது வீரருக்கு அது கதவை அடைத்தது. ஒப்பந்தம் கிடைக்காதவர்கள் உடல்தகுதியை இழந்துவிடாமலிருக்க, வீரர்கள் சங்கமான ஏஎஃப்ஈ கோடையில் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. 2021இல் செகுந்தா பே கலைக்கப்பட்டு, மூன்றாம் நிலைக்குப் பிரிமேரா ஆர்எஃப்ஈஎஃப் என்ற புதிய லீக் வந்தது.

ஒப்பந்தம் கிடைத்தாலும் சம்பளம் வரும் என்பது உறுதியில்லை. மிராந்தேஸிடம் தோற்ற அதே ராசிங் அடுத்தடுத்து இரண்டு நிலைகள் இறங்கி, 2014 ஜனவரி 30 அன்று ரியல் சொசியெதாத்துக்கு எதிரான கோப்பைக் காலிறுதிக்கு மூன்றாம் நிலை அணியாக வந்தது. மாதக்கணக்கில் சம்பளம் பெறாத வீரர்கள், நிர்வாகம் விலக வேண்டும் எனக் கோரி, ஆட்டம் தொடங்கியதும் நடுவட்டத்தில் ஒருவரையொருவர் தோளோடு அணைத்தபடி நின்றுவிட்டார்கள். நடுவர் ஆட்டத்தை முடித்துவைத்தார். வாழ்நாளில் மறுபடி கிடைக்காத ஓர் அரையிறுதி வாய்ப்பை அவர்கள் அறிந்தே விட்டுக்கொடுத்தார்கள். மறுநாள் நிர்வாகம் நீக்கப்பட்டது. அந்தப் பருவத்தின் முடிவில் ராசிங் இரண்டாம் நிலைக்கு உயர்ந்தது.