கேப் போட்ட பல்லால் கரும்பு கடிக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நீடாமங்கலம் பக்கம் விவசாயம் பார்க்கிறார். கீழ் இடது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து, போன வாரம் ஜிர்கோனியா கேப் நிரந்தரமாக ஒட்டினார்கள். 15 வருட வாரன்டி கார்டும் கொடுத்தார்கள். "இனி இந்தப் பல்லைப் பத்திக் கவலையே இல்ல" என்று மறுநாளே சீவல் போட ஆரம்பித்துவிட்டார். பொங்கலுக்குக் கரும்பு வேறு வரப்போகிறது. கடிக்கலாமா? கேப்பை எப்படிப் பராமரிப்பது?

பதில்: கரும்பை முதலில் முடித்துவிடுவோம். தை மாதத்தில், கழன்ற கேப்பைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு யாராவது என்னிடம் வந்துவிடுவார்கள். கேட்டால் பெரும்பாலும் கரும்புதான், இல்லாவிட்டால் கமர்கட். ஜிர்கோனியா பீங்கான் வகை, லேசில் உடையாது. ஆனால் மேலிருந்து கீழே அழுத்தி மெல்லும் வேகத்தைத் தாங்கத்தான் கேப் வைக்கிறோம். கரும்பைப் பல்லால் கவ்வித் தோலை உரிக்கும்போது கேப்பைப் பக்கவாட்டில் நெம்புகிறோம், கமர்கட் ஒட்டிக்கொண்டு மேலே இழுக்கிறது. இந்த இரண்டிலும் முதலில் விட்டுக்கொடுப்பது உள்ளே இருக்கும் சிமென்ட். அதனால் கத்தியால் தோல் சீவி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, வலது பக்கம் மென்று சாற்றைக் குடிக்கட்டும். கணுவை யாருமே கடிக்க வேண்டாம், கேப் இல்லாதவர்கள் உட்பட.

ஒட்டிய சிமென்ட் சில நிமிடங்களில் இறுகினாலும் முழுப் பலம் பெற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அந்த 24 மணி நேரம் இட்லி, தயிர்சாதம் போல மெதுவான சாப்பாடு, அதுவும் மறுபக்கத்தில் மென்றால் நல்லது. அப்பா அதைத் தாண்டிவிட்டார்.

இப்போது அந்த வாரன்டி கார்டுக்கு வருகிறேன், என்னை உறுத்துவது அதுதான். அது லேப் கொடுப்பது. அவர்கள் செய்த கேப் விரிசல் விட்டால் புதிதாகச் செய்து தருவார்கள், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பல்லுக்கு யாரும் வாரன்டி தரமுடியாது. கேப்பில் சொத்தை விழாது. கேப் முடிந்து பல் தொடங்கும் விளிம்பில், ஈறை ஒட்டி விழும். சாதாரணப் பல்லில் சொத்தை விழுந்தால் கூசும், வலிக்கும், ஓடி வருவோம். ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பே இல்லை. சொத்தை விளிம்பில் நுழைந்து உள்ளேயே பரவினாலும் அவருக்குத் தெரியாது. ஒருநாள் கேப் பல்லோடு முறிந்து கையில் வரும்போதுதான் தெரியும். வலிக்கவில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆகவே துலக்கும்போது கவனம் கேப்பின் தலைமேல் வேண்டாம், ஈறோரத்தில் வேண்டும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், காலையில் ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை. ராத்திரி துலக்குவதை நம் பக்கத்து ஆண்களிடம் பழக்குவது கஷ்டம், தெரியும். ஒருவேளை தவறினாலும் அது ராத்திரி வேளையாக இருக்கக் கூடாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைந்துவிடும், பல்லுக்குக் காவல் இல்லை. செங்கல் பொடி, அடுப்புக்கரி, கரகரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். பல்லிடுக்கைத் துடைப்பக் குச்சியாலோ ஊக்காலோ குத்தாமல், பல்லிடுக்குக்கென்றே விற்கும் குட்டி பிரஷ்ஷையோ ஃபிளாஸ் நூலையோ பயன்படுத்தட்டும். கீரையோ கறி நாரோ தினமும் ஒரே இடத்தில் மாட்டினால் கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். போட்ட மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

சீவலுக்கு வருவோம். கும்பகோணத்துச் சீவல் மெல்லியதுதான், கேப்பை உடைக்காது. ஆனால் மணிக்கணக்கில் வாயில் அடக்கினால் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்து நான் சொன்ன அதே விளிம்பில் படிந்து காரையாக இறுகும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைந்துகொண்டே போய், பல்லைத் தொடவே முடியாத நிலையில் வருபவர்களையும் பார்க்கிறோம். கேப்பைச் சாக்காக வைத்தாவது அப்பாவை விடச் சொல்லுங்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தை வீட்டுக்கு எடுத்து வந்தால் போதும், வாயில் போட வேண்டியதில்லை.

இன்னொன்று கேட்டுப் பாருங்கள்: வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுகிறதா? நரம்பு இல்லாத பல்லாக இருந்தாலும் வேரைச் சுற்றியுள்ள சவ்வு நசுங்கி வலிக்கும். பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவர் ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்வார். தேய்த்த இடத்தை வழவழப்பாக பாலிஷ் செய்தாரா என்று கேளுங்கள். சொரசொரப்பான ஜிர்கோனியா எதிரே இருக்கும் மேல்பல்லைத் தேய்த்துவிடும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாரா என்று அம்மாவிடமும் விசாரியுங்கள். கடித்தால் ராத்திரி பல்வரிசை மேல் மாட்டிக்கொள்ள நைட் கார்டு என்ற பாதுகாப்பு உறை செய்துகொள்ளலாம். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது ஈறுக்கும் அவசியம்.

எவ்வளவு பார்த்தும் கேப் கழன்றால், கடையில் விற்கும் எந்த கம்மையும் வைத்து ஒட்டிவிடாதீர்கள். திரும்பச் சரியாக உட்காராது, ஈறும் புண்ணாகும். விழுங்கிவிட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கையில் இருந்தால் தண்ணீரில் அலசி, சின்ன டப்பாவில் போட்டு, இரண்டொரு நாளில் காட்டுங்கள். நாள் தள்ளினால் பக்கத்துப் பல் சாய்ந்து அதே கேப் உள்ளே நுழையாமல் போகலாம். வாரன்டி கார்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், விரிசல் இருந்தால் அப்போதுதான் அதற்கு வேலை.